ஜெங் யீ சாவ்: தென்சீனக் கடலின் கொள்ளையர் தலைவி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கொள்ளையர் பற்றிப் பேச்சு வந்தால் ஜெங் யீ சாவின் பெயரை நான் எடுக்காமல் இருப்பதில்லை. எடுத்ததும் கேள்விகள் வரும், பெரும்பாலும் ஒரே கேள்விகள். யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் அவரைப் பற்றி உண்மையும் கற்பனையும் கலந்தே சுற்றுவதால் குழப்பம் அதிகம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் எளிது.

யாருங்க இந்த ஜெங் யீ சாவ்? சுருக்கமாச் சொல்லுங்க.

1775 வாக்கில் தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தவர். 1801-இல் ஜெங் யீ என்ற கடற்கொள்ளையரை மணந்தார். 1807-இல் கணவர் இறந்ததும், அவர் கட்டியெழுப்பிய கொள்ளையர் கூட்டணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அடுத்த இரண்டரை ஆண்டுகள், முத்து ஆறு கடலில் கலக்கும் பகுதியில் அவருடைய ஆட்களுக்குப் பணம் கட்டாமல் ஒரு சரக்குக் கப்பல் நிம்மதியாகப் போய்வர முடியவில்லை. 1810-இல், அன்று சீனாவை ஆண்ட சிங் பேரரசின் அதிகாரிகளோடு தானே நேரில் பேசி, தனக்கு மன்னிப்பும் இரண்டாம் கணவருக்கு ராணுவப் பதவியும் வாங்கிக்கொண்டு கரையேறினார். 1844-இல், 69 வயதையொட்டி இறந்தார்.

சிங் ஷி, மேடம் சிங், ஜெங் யீ சாவ்... எல்லாம் ஒரே ஆளா, வேற வேற ஆளா?

ஒரே ஆள்தான். சொந்தப் பெயர் ஷி யாங். ஷி சியாங்கு என்றும் அழைக்கப்பட்டார். ஜெங் யீயின் மனைவி என்ற பொருளில்தான் ஜெங் யீ சாவ் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். சிங் ஷி, மேடம் சிங் என்பவை ஐரோப்பியர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தவை. இந்தப் பக்கத்தில் ஜெங் யீ சாவ் என்றே எழுதுகிறேன்.

முதலில் விலைமாதராக இருந்தார் என்கிறார்களே?

ஆமாம். கேன்டன் (இன்றைய குவாங்சோ) பகுதியில் படகுகளிலேயே நடந்த விடுதிகளில் அந்தத் தொழிலில் இருந்தார், அங்கிருந்துதான் ஜெங் யீயை மணந்தார் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். துறைமுகத்துக்கு வரும் வணிகர், மாலுமி, அதிகாரி எல்லோருடைய பேச்சும் காதில் விழும் இடம் அது. யார் எந்தச் சரக்கு அனுப்புகிறார், யாருக்கு யார்மேல் கோபம் என்று தெரிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது.

"கொள்ளையில் சரிபாதி கொடுத்தால்தான் தாலி" என்று அவர் பேரம் பேசியதாக ஒரு கதை பரவலாக ஓடுகிறது. அது பின்னால் வந்த எழுத்தாளர்கள் சேர்த்த சரக்கு. திருமண வாழ்வில் அவருக்கு ஜெங் யீயிடம் இரண்டு மகன்கள் பிறந்தார்கள்: யிங்ஷி, சியோங்ஷி.

அவர் கணவர் ஜெங் யீ சாதாரணத் திருடரா?

இல்லை. ஜெங் குடும்பத்துக்குக் கொள்ளை தலைமுறைத் தொழில். அதோடு ஒரு போர்ப் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியட்நாமில் தேய் சன் கிளர்ச்சியாளர்கள் ஆட்சியைப் பிடித்திருந்தார்கள். எதிரிகளோடு கடலில் மோத அவர்களுக்குக் கப்பலும் ஆளும் தேவைப்பட்டன. சீனக் கொள்ளையர்களை அழைத்துப் பட்டமும் ஆயுதமும் ஒதுங்க இடமும் கொடுத்தார்கள். சில்லறைக் கொள்ளையர்களாக இருந்தவர்கள் பீரங்கியோடு அணிவகுத்துப் போரிடக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1802-இல் தேய் சன் ஆட்சி கவிழ்ந்தது. ஆதரவு போனதும் கொள்ளையர் கூட்டம் சீனக் கரைக்கே திரும்பி, ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டது. ஜெங் யீயும் அவர் மனைவியும் அந்தச் சண்டைக் கூட்டத்தை ஒன்றாக உட்காரவைத்ததுதான் பெரிய காரியம். 1805-இல் ஏழு தலைவர்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு கப்பலும் எந்த அணியைச் சேர்ந்தது என்று பதிவாக வேண்டும், அணி மாறி ஓடக் கூடாது, பாதுகாப்புச் சீட்டு வாங்கிய வணிகக் கப்பலைத் தொட்டால் தண்டனையும் நட்டஈடும் உண்டு என்றெல்லாம் அதில் எழுதிக்கொண்டார்கள். ஏழு பேரில் ஒருவர் அரசிடம் போய்விட, மிச்சம் ஆறு அணிகள்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை, நீலம், மஞ்சள் என்று கொடியின் நிறமே பெயர். சிவப்புக் கொடி அணிதான் பெரியது. அது ஜெங் யீயுடையது.

கணவர் செத்ததும் ஒரு பொம்பளையை எப்படி தலைவரா ஏத்துக்கிட்டாங்க?

ஜெங் யீ 1807 நவம்பரில் 42 வயதில் இறந்தார். புயலில் கப்பலிலிருந்து விழுந்தார் என்றும் வியட்நாமில் குண்டடி பட்டார் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அவர் இறந்த மறுநாளே எல்லோரும் மனைவி காலில் விழுந்துவிடவில்லை. முதலில் ஜெங் குடும்பத்து ஆண்களைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, கணவரை நம்பி இருந்த அணித் தலைவர்களிடம், தான் இருந்தால்தான் அவர்கள் வருமானமும் ஏற்பாடும் குலையாமல் இருக்கும் என்று உணர்த்தினார். ஒப்பந்தம் உருவானபோதே அவர் உள்ளே இருந்ததால் யாருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கடலோடிக் குடும்பங்களில் பெண்கள் கப்பலில் பிறந்து, கப்பலில் வேலை செய்து, துடுப்பும் சுக்கானும் பிடித்தவர்கள். நிலத்துப் பணக்காரக் குடும்பங்களில் போலப் பெண்களின் பாதம் வளராதபடி சிறுவயதிலேயே இறுகக் கட்டி வீட்டுக்குள் வைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஒரு பெண் கப்பலில் நின்று உத்தரவு போடுவது நமக்குத் தோன்றும் அளவு அங்கே விசித்திரமான காட்சி அல்ல.

வளர்ப்பு மகனையே கல்யாணம் பண்ணிக்கிட்டாராமே?

ஜாங் பாவைத்தான் கேட்கிறீர்கள். ஹாங்காங்கில் அவரை சியுங் போ சாய் என்பார்கள். மீனவர் மகன். 1798-இல் 15 வயதில் ஜெங் யீயின் ஆட்களால் பிடிக்கப்பட்டார், அங்கேயே வளர்ந்து தளபதி ஆனார். ஜெங் யீ அவரைச் சுவீகாரம் எடுத்தது உண்மை. ஆனால் கொள்ளையர் நடுவே சுவீகாரம் என்பது நம்பிக்கையான ஆளைக் குடும்பத்தோடு கட்டிப்போடும் வழி. தொட்டிலில் போட்டு வளர்த்த பிள்ளை அல்ல.

தலைமைக்கு வந்ததும் ஜெங் யீ சாவ் முதலில் செய்த வேலை, சிவப்புக் கொடி அணியை ஜாங் பாவிடம் ஒப்படைத்தது. நேரடிப் போரை நடத்த அவர், கூட்டணியையும் பணத்தையும் பேச்சுவார்த்தையையும் பார்க்க இவர். சீக்கிரமே இருவரும் இணைந்தார்கள், பிறகு மணந்துகொண்டார்கள். இருவரில் ஒருவரை மட்டும் எடுத்துப் பேசினால் கதை பாதிதான் விளங்கும். நம் ஊர்க் காணொளிகள் ஜாங் பாவை ஓரங்கட்டிவிடுகின்றன, ஹாங்காங் நாட்டுப்புறக் கதைகள் ஜெங் யீ சாவை மறந்துவிடுகின்றன. இரண்டுமே எனக்கு உறுத்தும்.

80,000 ஆள், 1,800 கப்பல்னு போடுறாங்க. நம்பலாமா?

அது ஆறு கொடிகளையும் சேர்த்த உச்சக் கணக்கு, அதுவும் மதிப்பீடு. 1809-இல் அவர்களிடம் கைதியாக இருந்த ரிச்சர்ட் கிளாஸ்பூல் என்ற ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி, சுமார் 70,000 பேர், 800 பெரிய கப்பல்கள், ஏறத்தாழ 1,000 சிறியவை என்று எழுதினார். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் 50,000 முதல் 70,000 வரை சொல்கிறார்கள்.

எண்ணிப் பார்த்த கணக்கு சரணடைந்த நாளில் கிடைக்கிறது. ஜெங் யீ சாவும் ஜாங் பாவும் ஒப்படைத்தது 17,318 பேர், 226 கப்பல்கள், 1,315 பீரங்கிகள். "80,000 பேரின் தலைவி" என்பதைவிட, "17,000 பேரை நேரடியாகவும் மற்ற அணிகளை ஒப்பந்தத்தாலும் வைத்திருந்தவர்" என்பது சரியான வாசகம். அதுவே மலைக்க வைக்கும் எண்ணிக்கைதான்.

இத்தனை பேருக்கும் சோறு எப்படி? தினமும் கொள்ளையடிச்சா முடியுமா?

முடியாது. அவர்களும் அப்படிப் பிழைக்கவில்லை. நம் ஊர் மொழியில் சொன்னால் மாமூல். முதல் இலக்கு உப்பு. கேன்டனுக்கு மேற்கே உள்ள உப்பளங்களிலிருந்து கடல்வழியாக வரும் உப்புப் படகுகள் பணம் கட்டிச் சீட்டு வாங்கினால் தொல்லை இல்லாமல் போகலாம். அப்புறம் இதே ஏற்பாடு மீன்பிடிப் படகு, சரக்குக் கப்பல், கரையோர ஊர் என்று விரிந்தது. கட்டணம் வசூலிக்கக் கரையிலேயே அலுவலகம் வைத்திருந்தார்கள். சீட்டைக் காட்டினால் எந்தக் கொடி அணியும் விட்டுவிட வேண்டும். 1805 ஒப்பந்தம் இதற்காகத்தான் அவ்வளவு கறாராக இருந்தது.

இவ்வளவு பரந்த கடலில் ஒரு துண்டுக் காகிதத்துக்கு மதிப்பு இருந்தது என்றால், அதன் பின்னால் இருந்த கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஜெங் யீ சாவின் சாமர்த்தியத்தை நான் வாள்வீச்சில் தேடுவதில்லை, இந்தச் சீட்டில்தான் பார்க்கிறேன்.

உத்தரவை மீறினா உடனே தலையை வெட்டிடுவாங்களாமே?

1830-இல் கேன்டனில் வெளியான ஒரு சீன வரலாறு மூன்று விதிகளைக் குறிப்பிடுகிறது. அனுமதியின்றிக் கரைக்குப் போனால் எல்லோர் முன்னிலையிலும் காதைத் துளைப்பார்கள், மறுபடி போனால் மரணம். கொள்ளைப் பொருளை ஒளிக்கக் கூடாது, எல்லாம் பதிவாக வேண்டும். பத்தில் இரண்டு பங்கு பிடித்தவருக்கு, எட்டுப் பங்கு பொதுக் கிடங்குக்கு. கிடங்கில் கைவைத்தால் மரணம். பிடிபட்ட பெண்களிடம் அத்துமீறினாலும் மரணம்.

அந்த நூல் இந்த விதிகளை ஜாங் பாவ் பெயரில்தான் சொல்கிறது. இணையத்தில் எல்லாமே ஜெங் யீ சாவ் எழுதிய சட்டமாகிவிட்டது. தலைமையில் அவர் இருந்தார், விதிகள் அவர் ஒப்புதலோடுதான் நடந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஆவணம் யாரைச் சொல்கிறதோ அவரைச் சொல்வதுதான் நேர்மை.

கப்பலில் வாழ்க்கை எப்படி இருந்தது?

நெருக்கடி, அழுக்கு, பசி. 1806 இறுதியிலிருந்து சுமார் ஐந்து மாதம் கைதியாக இருந்த ஜான் டர்னர் என்ற கப்பல் அதிகாரி, தனக்குப் படுக்கக் கிடைத்த இடம் பதினெட்டு அங்குல அகலம், நான்கடி நீளம் என்று எழுதியிருக்கிறார். காலை நீட்ட முடியாது. கிளாஸ்பூல் பார்த்த கப்பல்களில் ஒவ்வொருவருக்கும் நான்கடிச் சதுரம், அதற்குள் மனைவி பிள்ளைகளும் இருக்க வேண்டும். எலிகளைப் பெருகவிட்டு விருப்பமாகச் சாப்பிட்டார்கள். கையில் எதுவும் இல்லாத நாட்களில் புழுக்களைச் சோற்றோடு வேகவைத்துத் தின்றதையும் அவர் குறித்திருக்கிறார். ஓய்வு நேரத்தில் சூதாட்டமும் ஓபியமும்.

ஒரு காட்சி மட்டும் மனதை விட்டுப் போகாது. சண்டை நடக்கும்போது தலைவரின் மனைவி கிளாஸ்பூல் மீது பூண்டு கலந்த தண்ணீரைத் தெளிப்பாராம். குண்டு படாமல் காக்கும் என்று நம்பிக்கை. பிடித்துவைத்த கைதிக்கும் அந்தக் காப்பு கிடைத்தது. சாமி நம்பிக்கையும் பலமாக இருந்தது. கோயிலாகவே அமைந்த ஒரு கப்பலை ஜாங் பாவ் வைத்திருந்தார், குறி கேட்டுத்தான் பெரிய காரியங்களில் இறங்குவார்.

அப்போ ராபின் ஹூட் மாதிரி, ஏழைகளுக்கு நல்லவங்களா?

இந்தக் கேள்விக்கு நான் தயங்காமல் இல்லை என்றுதான் சொல்வேன். பொருளும் படகும் தரும் கிராமத்தோடு நல்லுறவு வைத்திருந்தார்கள் என்பது வேறு. எதிர்த்த ஊருக்கு நடந்தது கொடுமை. 1809 இலையுதிர் காலத்தில் ஆற்றின் கிளைகள் வழியே உள்நாட்டுக்குள் புகுந்து ஊர் ஊராக எரித்தார்கள். ஒவ்வொரு தலைக்கும் தலைவர் பத்து டாலர் கொடுத்தார் என்கிறார் கிளாஸ்பூல். வெட்டிய தலைகளை ஜடையால் சேர்த்துக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு வந்த ஒருவனையும் அவர் கண்டார்.

ஓர் ஊரிலிருந்து சுமார் 250 பெண்களையும் சில குழந்தைகளையும் பிடித்துவந்தார்கள். ஆண்கள் ஓடிவிட்டார்கள். பாதம் கட்டிய அந்தப் பெண்களால் ஓட முடியவில்லை. ஏறக்குறைய நூறு பேரைக் குடும்பத்தார் பணம் கொடுத்து மீட்டார்கள். மற்றவர்களைக் கப்பல்காரர்களுக்கு ஆளுக்கு நாற்பது டாலருக்கு விற்றார்கள். வாங்கியவன் அவளை மனைவியாக வைத்துக்கொள்ள வேண்டும், கைவிட்டால் அவனுக்கு மரணம். சில பெண்கள் கடலில் குதித்துச் செத்தார்கள். மேலே சொன்ன மூன்றாவது விதியைப் "பெண் விடுதலை" என்று பகிர்பவர்கள் இந்தப் பகுதியையும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சீனாவின் கடற்படை என்ன செஞ்சுக்கிட்டிருந்தது?

தோற்றுக்கொண்டிருந்தது. உள்நாட்டில் வெண்தாமரைக் கிளர்ச்சியை அடக்கியதில் பேரரசின் கஜானா கரைந்திருந்தது. மாகாணக் கப்பல்கள் கொள்ளையர் கப்பல்களைவிடச் சிறியவை. 1808-இல், முத்து ஆற்றின் முகத்தில் உள்ள ஹூமென் பகுதியின் தளபதி லின் குவோலியாங் போரில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் குவாங்டோங் மாகாணத்தின் 135 கப்பல்களில் பாதி போய்விட்டது.

1809-இல் பொறுப்பேற்ற ஆளுநர் பாய் லிங் வழியை மாற்றினார். கடல் வணிகத்தையே நிறுத்தி, உப்பைத் தரைவழியாக அனுப்பச் சொன்னார். மாமூல் வருமானத்தின் வேரையே வெட்டும் நடவடிக்கை இது. அதற்குக் கொள்ளையர்கள் கொடுத்த பதில்தான் முந்தைய பதிலில் சொன்ன ஊர் எரிப்பு.

லான்டாவ் தீவில் ஒரு பெரிய சண்டை நடந்ததாமே?

1809 நவம்பரில். லான்டாவ் இன்றைய ஹாங்காங்கைச் சேர்ந்த தீவு. அதன் வடக்கே துங் சுங் விரிகுடாவில் கொள்ளையர் கப்பல்கள் பழுதுபார்க்க ஒதுங்கியிருந்தன. போர்ச்சுகீசியர் வசமிருந்த மக்காவ் துறைமுகத்திலிருந்து வந்த ஆறு போர்ச்சுகீசியக் கப்பல்களும் சீனக் கடற்படையும் விரிகுடாவின் வாயை அடைத்து நின்றன. ஒன்பது நாள் முற்றுகை. தீ வைத்த படகுகளைக் காற்றின் போக்கில் உள்ளே அனுப்பினார்கள். கொள்ளையர்கள் பதறவில்லை. எரியும் படகுகளைக் கரைக்கு இழுத்து, தீயை அணைத்து, உடைத்து விறகாக்கிக்கொண்டார்கள். காற்று மாறியபோது அரசுக் கப்பல்களிலேயே தீப்பற்றியது. கடைசியில் நவம்பர் 29 அன்று காற்றும் நீரோட்டமும் கூடிவர, முழு அணியும் பாய் விரித்து முற்றுகையைக் கிழித்துக்கொண்டு வெளியேறியது.

இன்றைய ஹாங்காங் விமான நிலையம் இருக்கும் செக் லாப் கோக் இதே விரிகுடாவின் எதிரில்தான் இருக்கிறது.

தோற்காமலேயே ஏன் சரணடைஞ்சார்?

தோற்கவில்லை, ஆனால் கூட்டணி விரிசல் விட்டிருந்தது. முற்றுகையில் மாட்டியபோது ஜாங் பாவ் உதவி கேட்டும் கறுப்புக் கொடித் தலைவர் குவோ போதாய் வரவில்லை. பிறகு இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். 1810 தொடக்கத்தில் குவோ போதாய் அரசிடம் சரணடைந்து பதவி பெற்றார். ஆக, எதிரே போர்ச்சுகீசியர், வருமானத்தில் தடை, போதாக்குறைக்குச் சொந்த ஆளே அரசுப் பக்கம். தன் கையில் பலம் இருக்கும்போதே பேசினால்தான் விலை கிடைக்கும் என்று ஜெங் யீ சாவ் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு சரியாக இருந்தது.

கொலைகாரங்களை அரசு எப்படி மன்னிச்சுது? பேரம் எப்படி நடந்தது?

அடக்க முடியாதவர்களைப் பதவி கொடுத்து இழுப்பது சீன அரசுகளின் பழைய வழக்கம். பிப்ரவரியில் நடந்த முதல் பேச்சு, எத்தனை கப்பல் கையில் இருக்கலாம் என்ற சிக்கலிலும், இது வலையோ என்ற பயத்திலும் முறிந்தது. ஏப்ரலில் ஜெங் யீ சாவ் யாரும் எதிர்பாராததைச் செய்தார். பெண்களும் குழந்தைகளுமாகப் பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு, ஆயுதம் இல்லாமல், கேன்டனில் பாய் லிங்கின் மாளிகைக்கே நேராகப் போய் உட்கார்ந்து பேசினார். சண்டைக்கு வந்தால் அடிக்கலாம். பிள்ளைகுட்டியோடு வாசலில் வந்து நிற்பவரை என்ன செய்வது?

ஏப்ரல் 20, 1810 அன்று சரணடைதல் நடந்தது. எண்ணிக்கை மேலே கொடுத்திருக்கிறேன். 126 பேருக்கு மரண தண்டனை, 211 பேருக்கு நாடுகடத்தல், மற்றவர்களுக்கு மன்னிப்பு. ஜாங் பாவுக்குப் பதவியும் கொஞ்சம் கப்பல்களும் கிடைத்தன. அடுத்த சில வாரங்களிலேயே நீலக் கொடித் தலைவர் வூஷி எர்ரைப் பிடிக்கும் படையில் அவர் அரசுப் பக்கம் நின்று போரிட்டார்.

பிளாக்பியர்டைவிடப் பெரிய ஆளா?

அளவில் ஒப்பீடே கிடையாது. பிளாக்பியர்ட் அட்லாண்டிக் கடலில் புகழ்பெற்ற ஆங்கிலேயக் கொள்ளையர். 1718-இல் அவர் அமெரிக்கக் கரையில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை மறித்தபோது அவரிடம் இருந்தது நான்கு கப்பல்கள். அதே ஆண்டு நவம்பரில் சண்டையில் கொல்லப்பட்டார்.

சியுங் சாவ் தீவுக் குகையில் புதையல் இருக்கா?

ஹாங்காங்கின் சியுங் சாவ் தீவில் ஜாங் பாவின் குகை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். குறுகலான பாறை இடுக்கு, டார்ச் எடுத்துப் போக வேண்டும். சுற்றுலாவுக்கு நல்லது. கொள்ளையில் எட்டுப் பங்கு பொதுக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து அரிசியாகவும் வெடிமருந்தாகவும் மாறிய ஏற்பாட்டில், குகையில் புதைக்க என்ன மிஞ்சும்?

கடைசி காலத்தில் ஓபியம் போரில் சிங் அதிகாரி லின் ஸெசுவுக்கு ஆலோசனை சொன்னாராமே?

அதற்கு ஆதாரம் இல்லை. ஜாங் பாவ் பதவி உயர்ந்து 1822-இல் தைவான் அருகே உள்ள பெங்ஹு தீவுகளில் பணியிலிருந்தபோது இறந்தார். 1813-இல் அவர்களுக்குப் பிறந்த மகனோடு ஜெங் யீ சாவ் குவாங்டோங் திரும்பினார். சூதாட்ட விடுதி நடத்தினார் என்பார்கள்.

1840-இல் அவர் ஒரு வழக்குப் போட்டார். சொத்து வாங்கித் தரச் சொல்லி 1810-இல் ஜாங் பாவ் கொடுத்த 28,000 தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளியை ஓர் அதிகாரி விழுங்கிவிட்டார் என்பது புகார். வழக்கு தள்ளுபடியானது. லின் ஸெசு ஓபியத்தை அழித்துப் பிரிட்டனோடு மோதிக்கொண்டிருந்த அதே காலம் அது. அவர் பெயர் ஜெங் யீ சாவோடு சேர்ந்து வருவது ஓர் மனுவில்தான்: மறுமணம் செய்துகொண்ட விதவைக்கு அதிகாரியின் மனைவி என்ற பட்டம் கூடாது, ஆகவே அவரிடமிருந்து அதைப் பறிக்க வேண்டும் என்று பேரரசரிடம் கேட்ட மனு. அப்போது ஜெங் யீ சாவுக்கு வயது ஏறத்தாழ 65.